பந்தைத் தொடும் முன்: கோல்ஃப் விதிகளும் பெனால்டி கணக்கும்

நான் கோல்ஃப் ஆடத் தொடங்கிய இரண்டாம் வருடம், மலையூர் மைதானம் ஒன்றில் நடந்தது இது. ஃபேர்வேயை விட்டு விலகி, ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் என் பந்து கிடந்தது. பந்தை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு காய்ந்த சுள்ளி. தானாக உதிர்ந்து கிடப்பதை எடுக்க விதி அனுமதிக்கிறது. குனிந்து இரண்டு விரலால் மெல்ல உருவினேன். சுள்ளியின் மறுமுனை பந்துக்கு அடியில் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. பந்து அரை அங்குலம் உருண்டு, ஒரு சருகில் முட்டி நின்றது.

என்னோடு ஆடிய பெரியவர் பத்து மீட்டருக்கு அப்பால் முதுகைக் காட்டி நின்றிருந்தார். "சார், பந்து நகர்ந்துடுச்சு" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு சேத்துக்குங்க தம்பி. பந்தைப் பழைய எடத்துலயே வைங்க. வைக்காம அடிச்சா ரெண்டு."

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது முழுவதும் அவருடைய அந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. பந்து தண்ணீரில் விழுவதும், புதரில் தொலைவதும், சுள்ளியோடு உருள்வதும் எவருக்கும் நடக்கும். அதற்கு விதி கேட்பது பெரும்பாலும் ஓர் அடிதான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அவசரப்பட்டு அடிக்கும்போதுதான் அது இரண்டாகிறது. சில சமயம் போட்டியை விட்டே வெளியேற்றுகிறது. முதல் இழப்பு விதிவசம், இரண்டாவது நம் கவனக்குறைவு. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது இழப்பைத் தவிர்ப்பதற்காக.

வாசகர் குழம்பாமல் இருக்க ஒரு சொல் விளக்கம்: ஆடும் தண்டையும் கிளப் என்கிறோம், சங்கத்தையும் கிளப் என்கிறோம். இந்த நூலில் தண்டுக்கு மட்டை என்றே எழுதுகிறேன்.

மூன்று வகைத் தண்டனை

கோல்ஃப் விதிகளை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்காவின் யூஎஸ்ஜிஏ அமைப்பும் சேர்ந்து வெளியிடுகின்றன. 2019இல் 34 விதிகளை 24 ஆகச் சுருக்கி, பல கடுமைகளைத் தளர்த்தினார்கள். இன்று நடப்பில் இருப்பது 2023 ஜனவரி முதல் அமலான பதிப்பு. 2019க்கு முன் கற்ற சீனியர்கள் சில சமயம் பழைய விதியைச் சொல்வார்கள். மரியாதையோடு கேட்டுக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

தண்டனைகள் மூன்றே. முதலாவது ஓர் அடி. இரண்டாவது பொதுத் தண்டனை: மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் 2 அடி, எதிராளியோடு குழிக்குக் குழி மோதும் மேட்ச் பிளேயில் அந்தக் குழியையே இழப்பது. மூன்றாவது தகுதிநீக்கம். பந்துக்கு நேர்ந்த விபத்துக்கும், அதிலிருந்து மீள்வதற்கும் பெரும்பாலும் ஓர் அடி. தவறான இடத்திலிருந்து அடித்தாலோ, வேறு பந்தை அடித்தாலோ, பந்துக்குப் பின்னால் புல்லை அமுக்கி வசதி செய்துகொண்டாலோ பொதுத் தண்டனை. அடிகளின் எண்ணிக்கையில் நேர்மை தவறினால் தகுதிநீக்கம். இந்த வரிசை மனதில் இருந்தால், பாதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

பந்து தொலைந்தால்

புதிதாக ஆடுபவர்கள் அதிகம் அடிகளை இழப்பது இங்கேதான். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

டீயிலிருந்து அடித்தீர்கள். பந்து வலப்பக்கம் மரங்களுக்குள் போய்விட்டது. தேடத் தொடங்கியதிலிருந்து 3 நிமிடம் அவகாசம்; 2019க்கு முன் 5 நிமிடம் இருந்தது. அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாகப் பொருள். வெள்ளைக் குச்சிகளுக்கு அப்பால், நம்மவர்கள் ஓ.பி. என்று சொல்லும் எல்லைக்கு வெளியே போய்விட்டாலும் இதே நிலைதான். ஓர் அடி பெனால்டி, அதோடு கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். கணக்கைக் கவனியுங்கள்: டீயிலிருந்து அடித்தது ஒன்று, பெனால்டி இரண்டு, மறுபடி டீயிலிருந்து அடிப்பது மூன்றாவது அடி. பந்து போன தூரமும் கையை விட்டுப் போகிறது என்பதால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

வலித்தாலும், இது பழமையான நியாயம். 1744இல் எடின்பரோவை அடுத்த லீத் ஊரின் கோல்ஃப் ஆட்டக்காரர்கள் எழுதிய முதல் விதித்தொகுப்பில் மொத்தம் 13 விதிகள்தான். அதிலேயே பந்து தொலைந்தால் கடைசியாக அடித்த இடத்துக்குப் போய் வேறு பந்தை விட்டு, எதிராளிக்கு ஓர் அடி கொடு என்று இருக்கிறது. இடையில் மாற்றங்கள் வந்து போனாலும், ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நியாயம்தான் நடப்பில் இருக்கிறது.

மரங்களுக்குள் தேடிவிட்டு மறுபடி டீக்கு நடப்பது உங்களுக்கும் களைப்பு, பின்னால் காத்திருப்பவர்களுக்கும் தொல்லை. அதற்காகத்தான் புரொவிஷனல் பந்து. பந்து தொலைந்திருக்கலாம் அல்லது ஓ.பி. போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்த உடனே, தேடப் போகும் முன்பே, அதே இடத்திலிருந்து இன்னொரு பந்தை அடித்து வைத்துக்கொள்ளலாம். முதல் பந்து எல்லைக்குள் கிடைத்தால் அதைத்தான் ஆட வேண்டும். இரண்டாவதற்குக் கணக்கே இல்லை. கிடைக்காவிட்டால் இரண்டாவது பந்து பெனால்டியோடு ஆட்டத்தில் தொடரும்.

ஒரு நிபந்தனை இருக்கிறது, என் பல நண்பர்கள் இதில் சறுக்கியிருக்கிறார்கள். அடிப்பதற்கு முன் வாயைத் திறந்து "புரொவிஷனல்" என்று சொல்லியாக வேண்டும். "இன்னொண்ணு அடிச்சுக்கிறேன்" என்று சொன்னால் போதாது. அப்படிச் சொல்லிவிட்டு அடித்தால், அந்த இரண்டாவது பந்தே ஆட்டத்தில் இருக்கும் பந்து. நீங்கள் அடித்தது மூன்றாவது அடி. முதல் பந்து ஃபேர்வேயின் நடுவிலேயே கிடந்தாலும் அதைத் தொட முடியாது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை. ஆகவே அந்தச் சொல்லைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வார இறுதி ஆட்டங்களுக்காகச் சில சங்கங்கள் ஓர் உள்ளூர் விதியை அனுமதிக்கின்றன: டீக்குத் திரும்பாமல், பந்து தொலைந்த இடத்தின் அருகில் ஃபேர்வே ஓரம் வரை வந்து டிராப் செய்து, 2 அடி சேர்த்துக்கொண்டு போகலாம். உங்கள் மைதானத்தில் அது உண்டா என்பதை ஸ்கோர்கார்டின் பின்பக்கத்தில் பாருங்கள். இல்லை என்றால், அந்த வசதியை நீங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீர்: மஞ்சளும் சிவப்பும்

குளம், ஓடை, சில இடங்களில் புதர்க்காடுகூட பெனால்டி ஏரியா என்று குறிக்கப்பட்டிருக்கும். குச்சியின் நிறத்தை முதலில் பாருங்கள். எந்த நிறமானாலும், பந்து அடிக்கக்கூடிய நிலையில் கிடந்தால் அப்படியே அடிக்கலாம், பெனால்டி இல்லை. அங்கே மட்டையைத் தரையில் ஊன்றுவதும் 2019 முதல் குற்றமல்ல.

அடிக்க முடியாது என்றால் ஓர் அடி சேர்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். மஞ்சளுக்கு இரண்டு வழி: கடைசியாக அடித்த இடத்துக்குத் திரும்புவது ஒன்று. மற்றொன்று, பந்து கடைசியாக ஏரியாவின் விளிம்பைக் கடந்த புள்ளியையும் குழிக்கொடியையும் நேர்கோட்டில் வைத்து, அந்தக் கோட்டிலேயே ஏரியாவுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய் டிராப் செய்வது. சிவப்புக்கு இவ்விரண்டோடு மூன்றாவது வழியும் உண்டு: விளிம்பைக் கடந்த புள்ளியிலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் போகாமல், பக்கவாட்டில் டிராப் செய்யலாம். அளவுக்குப் பட்டரைத் தவிர்த்துப் பையில் உள்ள மிக நீளமான மட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். டிரைவர் 45 அங்குலம் என்றால் இரண்டு நீளம் 90 அங்குலம், ஏறக்குறைய 2.3 மீட்டர். உருண்டு வரும் குளக்கரைச் சரிவிலிருந்து சமதளத்துக்கு வர அது தாராளம்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. கிரீனுக்கு முன்னால் மஞ்சள் குச்சிக் குளம். உங்கள் பந்து குளத்தைத் தாண்டி அக்கரை மேட்டில் விழுந்து, பின்னோக்கி உருண்டு தண்ணீரில் இறங்குகிறது. தாண்டியாகிவிட்டதே என்று பலர் அக்கரையிலேயே டிராப் செய்கிறார்கள். கூடாது. கடைசியாகக் கடந்த புள்ளி அக்கரையில்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் கோட்டில் பின்னால் வர வேண்டும் என்றால் குளத்தின் இக்கரைக்கே வந்தாக வேண்டும். தண்ணீரைத் தாண்டி அடிக்கும் சவாலைக் காப்பதற்காகவே மஞ்சள் குச்சி நடப்படுகிறது. அக்கரையில் டிராப் செய்து அடித்தால் தவறான இடம். தண்ணீருக்கான ஓர் அடி போக, மேலும் 2 அடி.

பந்து தண்ணீருக்குள்தான் போனது என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். "அங்கேதான் போயிருக்கும்" என்ற ஊகம் போதாது. குறைந்தது 95 சதவீத வாய்ப்பு என்று விதியே அளவு சொல்கிறது. அந்த உறுதி இல்லையென்றால் அது தொலைந்த பந்து.

டிராப் செய்யும் முறை எளிது: முழங்கால் உயரத்திலிருந்து நேராகக் கீழே விட வேண்டும். முன்பு தோள் உயரம் இருந்தது. பழக்க தோஷத்தில் இன்றும் சிலர் கையை நீட்டுகிறார்கள். அப்படி விட்டுவிட்டாலும் பதறாதீர்கள். அடிப்பதற்கு முன் எடுத்து, மறுபடி சரியாக விட்டால் பெனால்டி கிடையாது. தப்பாக விட்ட பந்தை அடித்தால்தான் கணக்கு ஏறும். இந்த ஆட்டத்தில் பல பிழைகளுக்கு அடுத்த அடி வரைக்கும் மன்னிப்பு உண்டு.

புதர், பொந்து, காட்டுமாடு

பந்து முள்புதருக்குள் கிடக்கிறது. ஆட முடியாத பந்து என்று நீங்களே அறிவிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஓர் அடி, பிறகு சிவப்புக் குச்சிக்குச் சொன்ன அதே மூன்று வழிகள். இங்கே அளவு பந்து கிடக்கும் இடத்திலிருந்து. இரண்டு மட்டை நீளம் தள்ளியும் புதருக்குள்ளேயே இருப்பீர்கள் என்றால், பின்கோட்டில் போங்கள். புதருக்குள் நின்று மூன்று முறை வீசிப் பார்த்துவிட்டுப் பிறகு அறிவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஓர் அடியை முதலிலேயே கொடுத்துவிடுவது வீரத்துக்குக் குறைவல்ல.

இலவசமாக விலகும் உரிமைகளும் உண்டு. தெரியாததால் பலர் அவற்றைக் கேட்பதே இல்லை. மழைநீர் தேக்கம், பழுதுபார்ப்பு நடக்கும் தரை, விலங்கு தோண்டிய பொந்து, தார் போட்ட வண்டிப் பாதை, நீர்த்தெளிப்பான் மூடி ஆகியவை பந்துக்கோ உங்கள் நிலைக்கோ வீச்சுக்கோ இடையூறாக இருந்தால், முழுதாக விலகும் மிக அருகான புள்ளியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் பெனால்டி இன்றி டிராப். அருகான புள்ளி என்பதற்கு வசதியான புள்ளி என்று பொருளல்ல. பாதையின் ஒரு பக்கம் நல்ல புல்லும் மறுபக்கம் மேடுபள்ளமும் இருந்து, மேடுபள்ளம்தான் அருகில் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

கொடைக்கானல் மைதானத்தில் காட்டுமாடுகள் மேய்வதை அங்கே ஆடியவர்கள் அறிவார்கள். நின்றிருக்கும் பந்தை ஒரு மாடு மிதித்தோ தட்டியோ நகர்த்தினால், உங்களுக்குப் பெனால்டி இல்லை. பழைய இடத்தில் வைத்து ஆடுங்கள். பந்துக்கு அருகில் விஷப்பாம்போ தேனீக்கூட்டமோ இருந்தால், ஆபத்தில்லாத அருகான இடத்தில் பெனால்டி இன்றி டிராப் செய்ய விதி இடம் கொடுக்கிறது. எந்த ஸ்கோரும் உயிருக்கு ஈடல்ல.

பங்கரில் நில்லுங்கள்

பங்கர் மணலில் பந்து கிடக்கும்போது, பந்துக்கு நேர் முன்னும் பின்னும் மட்டையால் மணலைத் தொடக் கூடாது. பயிற்சி வீச்சிலும், பின்வீச்சிலும் மணல் படக் கூடாது. பட்டால் 2 அடி. உதிர்ந்த இலையையும் கல்லையும் எடுக்க 2019 முதல் அனுமதி உண்டு. மணலிலிருந்து மீளவே முடியாது என்றால் மொத்தம் 2 அடி கொடுத்துப் பங்கருக்கு வெளியே பின்கோட்டில் டிராப் செய்யலாம்; புதிதாக ஆடுபவர்களுக்கு இது பெரிய வரம்.

நிற்கும் இடம் பங்கரா என்பதையே கவனிக்காததால் ஒருவர் பெரும் பட்டத்தின் வாய்ப்பை இழந்தார். 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப், அமெரிக்காவின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானம். கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சனின் பந்து ஜனங்கள் மிதித்துத் திரிந்த ஒரு மணல் திட்டில் கிடந்தது. வெறும் தரை என்று நினைத்து மட்டையை ஊன்றினார். மணல் உள்ள இடமெல்லாம் பங்கரே என்று ஆட்டக்காரர்களுக்கு முன்பே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 2 அடி ஏறியது. பிளே-ஆஃபில் ஆட வேண்டியவர் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார். பட்டம் மார்ட்டின் கைமருக்குப் போனது. அறிவிப்புப் பலகையைப் படிக்கும் இரண்டு நிமிடத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

கிரீனில் விதிகள் இப்போது இளகியிருக்கின்றன. தற்செயலாகப் பந்தை நகர்த்தினால் பெனால்டி இல்லை, திரும்ப வைத்தால் போதும். குழியில் நிற்கும் கொடிக்கம்பில் பந்து பட்டாலும் இல்லை. ஆனால் கிரீனிலிருந்து அடித்த பந்து கிரீனில் நிற்கும் இன்னொரு பந்தில் மோதினால், ஸ்ட்ரோக் பிளேயில் 2 அடி. பந்தை எடுக்கும் முன் அடையாளம் வையுங்கள். வைக்காமல் எடுத்தால் ஓர் அடி. வைத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். 2017இல் ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியில் லெக்ஸி தாம்சன் பந்தைச் சற்றே தள்ளி வைத்தது மறுநாள் தெரியவந்தது. அப்போதைய விதிப்படி தவறான இடத்துக்கு 2, தவறான ஸ்கோர்கார்டுக்கு 2 என நான்கு அடிகள் ஏறி, முன்னிலையில் இருந்தவர் பிளே-ஆஃபில் தோற்றார்.

பையும் பந்தும்

பையில் அதிகபட்சம் 14 மட்டைகள். கூடுதலாக இருந்தால் அப்படி ஆடிய ஒவ்வொரு குழிக்கும் 2 அடி, ஒரு சுற்றுக்கு உச்சவரம்பு 4. 2001 ஓப்பன் போட்டியின் கடைசி நாள், முன்னிலையைப் பகிர்ந்துகொண்டு ஆடத் தொடங்கிய இயன் வூஸ்னம் முதல் குழியை இரண்டே அடியில் முடித்தார். இரண்டாம் டீயில் பையைப் பார்த்தால் இரண்டு டிரைவர்கள், மொத்தம் 15. அந்த இரண்டு நான்கானது. முதல் டீக்குப் போகும் முன் மட்டைகளை எண்ணுங்கள். கேடி இருந்தாலும் எண்ணுங்கள்.

பந்தில் பேனாவால் உங்கள் அடையாளம் ஒன்றைப் போடுங்கள். ஒரே கம்பெனி, ஒரே எண் பந்து இருவரிடம் இருப்பது சாதாரணம். அடுத்தவர் பந்தை அடித்தால் 2 அடி. அதை வைத்து அடித்த அடிகள் கணக்கில் வராது, திரும்பிப் போய் உங்கள் பந்தை ஆட வேண்டும். அடுத்த குழிக்கு டீ அடிப்பதற்குள் சரிசெய்யாவிட்டால் தகுதிநீக்கம்.

விதி தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை என்றால் ஸ்ட்ரோக் பிளேயில் ஓர் அருமையான வழி இருக்கிறது: இரண்டு பந்துகளை வைத்து அந்தக் குழியை முடிக்கலாம். எந்தப் பந்து கணக்கில் வர வேண்டும் என்று அடிக்கும் முன்பே உடன் ஆடுபவரிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும், ஸ்கோர்கார்டைக் கொடுக்கும் முன், கமிட்டியிடம் நடந்ததைச் சொல்லுங்கள். இரண்டு பந்திலும் ஒரே ஸ்கோர் வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தகுதிநீக்கம்.

யாரும் பார்க்காதபோது

பெரும்பாலான விளையாட்டுகளில் நடுவர் விசில் ஊதும் வரை தவறு தவறாகாது. கோல்ஃபில் நடுவர் பக்கத்தில் இருப்பதே அபூர்வம். 1925 யூஎஸ் ஓப்பனில், நீண்ட புல்லுக்குள் நின்று அடிக்கத் தயாரானபோது தன் பந்து நகர்ந்துவிட்டதாக பாபி ஜோன்ஸ் சொன்னார். வேறு யாருமே அதைப் பார்க்கவில்லை. அதிகாரிகள் வற்புறுத்திக் கேட்டும் அவர் தன் சொல்லில் நின்று ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டார். நான்கு சுற்றுகளின் முடிவில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலை, பிளே-ஆஃபில் தோல்வி. அந்த ஓர் அடி இல்லையென்றால் பிளே-ஆஃபே வந்திருக்காது.

மரத்தடியில் என் பந்து உருண்ட அன்று ஜோன்ஸின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பெரியவர் முதுகைக் காட்டி நின்ற அந்தக் கணத்தில் வாயைத் திறந்ததற்காக இன்றும் மகிழ்கிறேன்.

கடைசியாக, அட்டை

1968 மாஸ்டர்ஸ், கடைசிச் சுற்று. அர்ஜென்டினாவின் ரொபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45வது பிறந்தநாள். 17ஆம் குழியை 3 அடியில் முடித்தார். அட்டையை எழுதிய உடன் ஆட்டக்காரர் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். உண்மையைவிடக் கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்த எண்ணே நிலைக்கும். 277 அடித்தவர் 278 ஆனார். 277 எடுத்த பாப் கோல்பி பிளே-ஆஃப் இல்லாமலே பட்டம் வென்றார். குறைவாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் தகுதிநீக்கம். தனக்கே தெரியாமல் விழுந்த பெனால்டியை விட்டுவிட்டவருக்கு மட்டும் இன்று விலக்கு உண்டு. அந்தப் பெனால்டியைச் சேர்த்தால் போதும்.

ஆட்டம் முடிந்ததும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். நிழலில் உட்காருங்கள். உடன் ஆடியவரோடு சேர்ந்து, முதல் குழியிலிருந்து பதினெட்டு வரை ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படியுங்கள். பெனால்டி அடிகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கூட்டல் கமிட்டியின் வேலை. ஒவ்வொரு குழியின் எண்ணுக்கும் பொறுப்பு உங்களுடையது.